பிக்கப் வண்டியின் சைலன்சரை மாற்றும்போது குறைந்த பணத்தை எங்கே செலவிடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: பதினைந்து ஆண்டுகள் ஓடிய, நான்கு லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின் கொண்ட உங்கள் பிக்கப்பில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் கையில் இருக்கும் பணம் குறைவு. இந்த நிலையில் சைலன்சரை எடுத்துவிட்டு நேர்குழாய் போட்டால், அல்லது விட்டம் பெரிய குழாயாகப் பின்பக்கம் வரை மாற்றினால், இழுவையும் மைலேஜும் கூடுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் எஞ்சினின் மூச்சை இப்போது எது தடுக்கிறது என்பது ஒன்று. வண்டியின் சத்தமும் ஓட்டமும் எப்படி இருந்தால் உங்களுக்கு நிறைவாக இருக்கும் என்பது இன்னொன்று. முதலாவதை அளந்து அறியலாம், இரண்டாவதைக் காதுதான் சொல்ல வேண்டும். இவை இரண்டையும் ஒன்றாக எண்ணிச் செலவு செய்தவர்கள், ஆறு மாதம் கழித்து அதே வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டறையில் பார்த்து வருகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் செலவு, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிபோல்டிலிருந்து, புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் முன் ஆக்சிஜன் சென்சார் வரை கசிவு இல்லாமல் செய்வதற்கு. அடுத்து, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய செலவே இல்லை. இவை இரண்டும் சரியாக இருந்தால், மீதிப் பணத்தில் தடையின்றிப் புகையை விடும் ஒரு நல்ல சைலன்சரும், பழைய அளவையோ அதைவிட ஒரே ஒரு படி பெரிய அளவையோ கொண்ட குழாயும் போதும். நேர்குழாய் வேண்டாம். கன்வெர்ட்டரை எடுக்கவே வேண்டாம்.

எஞ்சினிலிருந்து புகை, குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு வால்வும் திறக்கும்போது ஒரு அழுத்தத் துடிப்பு கிளம்புகிறது. அந்தத் துடிப்பு கடந்து போனதும் அதன் பின்னால் அழுத்தம் சற்றே குறைந்து, அடுத்து வரும் புகையை இழுக்க உதவுகிறது. இந்த இழுப்பு நன்றாக அமைய, குழாயில் புகை வேகமாகப் போக வேண்டும். தேவைக்கு மீறி அகலமான குழாயில் வேகம் குறைகிறது, இழுப்பும் தளர்கிறது. இதைப் பார்த்தவர்கள்தான் எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம், அதாவது வெளியேறும் புகைக்கு எதிரான அழுத்தம், வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் கண்டது உண்மை, சொன்ன காரணம் தவறு. பின்னழுத்தத்தால் எந்த எஞ்சினுக்கும் இழுவை கூடுவதில்லை. எஞ்சினுக்கு வேண்டியது வேகம். அதுவும் மேனிபோல்டிலும் அதை ஒட்டிய முன்குழாயிலும்தான் இந்த விளைவு வலுவாக இருக்கிறது. கன்வெர்ட்டரைத் தாண்டிய பிறகு துடிப்புகள் பெருமளவு மழுங்கிவிடுகின்றன, புகையும் குளிர்ந்து சுருங்குகிறது. ஆகவே பின்பகுதியில் ஒரு படி பெரிய குழாய் போட்டால் இழுவை போய்விடும் என்ற அச்சம் தேவையில்லை. இரண்டு படி பெரியதைப் போட்டால் இரண்டு மடங்கு பலன் வரும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை.

கணக்கைப் பாருங்கள். குழாயின் பரப்பு விட்டத்தின் இருமடிப்படி வளர்கிறது. 57 மில்லிமீட்டர் குழாயை 63.5 ஆக மாற்றினால், அதாவது இரண்டேகால் அங்குலத்தை இரண்டரை ஆக்கினால், பரப்பு சுமார் 23 சதவீதம் கூடுகிறது. அதே அளவு புகை போகும்போது உராய்வால் வரும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுவதால், அந்தச் சிறிய மாற்றத்திலேயே இழப்பு பழையதில் சுமார் 60 சதவீதமாகக் குறைந்துவிடும். அதிகம் மாற்றங்கள் செய்யாத நான்கு லிட்டர் எஞ்சினுக்கு இரண்டரை அங்குலமே தாராளம். மூன்று அங்குலக் குழாய் விலையும் எடையும் கூடியது, ஆக்சிலுக்கு மேலே வளைத்துக் கொண்டுபோக இடமும் கிடைக்காது. விட்டத்தைவிட வளைவைக் கவனியுங்கள். சாதாரண வளைப்பு இயந்திரத்தில் வளைத்த குழாயை வளைவில் விரல்களால் தடவிப் பாருங்கள்: உள்பக்கம் நசுங்கி, வாய் முட்டை வடிவில் ஒடுங்கியிருக்கும். உள்ளே தாங்கி வைத்து வளைத்த குழாயில் அந்த ஒடுக்கம் இராது. நசுங்கிய வளைவுகள் நான்கு கொண்ட பெரிய குழாயைவிட, நசுங்காத வளைவுகள் கொண்ட சிறிய குழாய் மேலானதாக இருக்கக்கூடும். பணம் குறைவென்றால் குழாய் முழுவதையும் மாற்றாமல், ஆக்சிலுக்கு மேலே போகும் அந்த ஒரு துண்டை மட்டும் நல்ல வளைவாக வாங்கச் சொல்வேன்.

இனி கசிவு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பணத்துக்கு மிக அதிகப் பலன் கிடைக்கும் இடம் இதுதான். காலையில் குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கியதும், பானட்டுக்கு அடியிலிருந்து டிக் டிக் என்று வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு சத்தம் கேட்டு, சில நிமிடத்தில் மறைந்தால், மேனிபோல்டு இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டோ, அதை எஞ்சினோடு இறுக்கும் ஸ்டட் உடைந்ததோ காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. சூடேறும்போது இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. அந்த இடத்தில் கரிய தீற்றல் படிந்திருக்கும். இந்தக் கசிவு வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் கணத்தில், அந்த வெடிப்பு வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சென்சார் கண்டு, எரிபொருள் போதவில்லை என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் குறைகிறது, கன்வெர்ட்டரும் வீணாகச் சூடேறுகிறது. மாறாக, உங்கள் சைலன்சரில் இருக்கும் ஓட்டை சென்சார்களுக்கு வெகு பின்னால் இருப்பதால் எரிபொருள் கலவையை அது பாதிக்காது. சத்தம் அதிகமான நாளிலிருந்தே மைலேஜும் குறைந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான், முன்னாலும் ஒரு கசிவு இருக்குமோ என்று ஐயப்படுகிறேன்.

அதைக் கண்டுபிடிக்கப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, காற்றை வெளியே தள்ளும் வசதி கொண்ட வேக்குவம் கிளீனரின் குழாயை டெயில் பைப்பில் செருகி, சுற்றிலும் துணியை அடைத்து ஓடவிடுங்கள். சோப்புத் தண்ணீரை ஒரு தெளிப்பானில் எடுத்து மேனிபோல்டு விளிம்பு, முன்குழாய் இணைப்புகள், சென்சார் திருகியிருக்கும் இடம், வெல்டிங் ஓரங்கள் என்று வரிசையாகத் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை பொங்கும். ஆனால் உங்கள் சைலன்சர் ஓட்டையாக இருப்பதால் காற்று முதலில் அங்கேயே போய்விடும். அதை ஈரத்துணியால் இறுகச் சுற்றிவிட்டுச் செய்யுங்கள். துருவேறிய ஸ்டட்டைக் கழற்றுவது மட்டும் பொறுமை வேண்டும் வேலை. முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் சற்று இறுக்கி, பிறகு தளர்த்தி என்று முன்னும் பின்னுமாகத்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் தலை உடைந்து மீதி எஞ்சின் ஹெட்டுக்குள் நின்றுவிடும். அதை எடுக்கும் செலவு புதிய சைலன்சரின் விலையைத் தாண்டக்கூடும். இதில் பழக்கம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கன்வெர்ட்டர். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் குறைந்த அழுத்தம் காட்டும் ஒரு கேஜைத் திருகிப் பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது ஒன்றேகால் பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது; 2500 ஆர்பிஎம்மில் மூன்று பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். இவை பட்டறைகளில் வழங்கும் பொதுவான எல்லைகள். வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது வி6 என்பதால் இன்னொரு வசதி இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி முன்குழாயும் கன்வெர்ட்டரும் இருந்தால் இரண்டையும் அளந்து ஒப்பிடலாம். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் நான்கு என்று வந்தால் எந்தக் கையேடும் தேவையில்லை, குற்றவாளி எங்கே என்று தெரிந்துவிடும். அந்தக் கேஜ் இல்லையென்றால், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக்கில் வேக்குவம் கேஜை இணைத்து 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். முள் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பின்னால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

ஒருமுறை இப்படித்தான் ஒருவர் தம் பிக்கப்பைக் கொண்டுவந்து, இழுவை போய்விட்டது, மேனிபோல்டு முதல் டெயில் பைப் வரை எல்லாவற்றையும் பெரிதாக மாற்றித் தாருங்கள் என்றார். வண்டியை உயர்த்தி, ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை மெல்லத் தட்டினேன். உள்ளே கலகலவென்று சத்தம். சைலன்சரைத் தட்டினேன், அங்கும் அதே சத்தம். கழற்றிச் சாய்த்தபோது சாம்பல் நிறத்தில், தேன்கூட்டின் துணுக்குகள்போலச் சிறு சிறு அறைகள் கொண்ட பீங்கான் துண்டுகள் உள்ளங்கையளவு கொட்டின. கன்வெர்ட்டரின் உட்பகுதி உடைந்து, புகையோடு பயணித்து, சைலன்சரின் உட்குழாய் வாயில் தேங்கியிருந்தது. அவர் கேட்டபடியே குழாய்களை மட்டும் பெரிதாக்கியிருந்தால், உடைந்த துண்டுகள் புதிய சைலன்சரையும் அடைத்திருக்கும். அதைவிட முக்கியம், அது ஏன் உடைந்தது என்பது. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் சரியாக வராமல், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கியிருந்தது. ஒரு இக்னிஷன் காயிலையும் ஒரு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றாமல் புதிய கன்வெர்ட்டரைப் போட்டிருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும். எண்ணெய் எரிக்கும் எஞ்சினும், சிலிண்டருக்குள் கூலன்ட் கசியும் எஞ்சினும் கன்வெர்ட்டரை வேறு விதமாக, மேலே படலம் படிந்து, கெடுக்கும். காரணத்தைத் தீர்க்காமல் உறுப்பை மாற்றாதீர்கள்.

அப்படியானால் கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள், உங்களிடமும் யாராவது சொல்லியிருக்கலாம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். புகைச் சோதனையில் வண்டி தேறாது. பின் சென்சாரின் அளவைப் பார்த்துக் கணினி, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 போன்ற பிழைக் குறியீட்டைப் பதிவுசெய்து எஞ்சின் விளக்கை எரியவிடும். அதற்கப்பால், பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசிய அந்தத் தேன்கூடுதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பெருமளவு மாற்றிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு, பின்னால் வருபவர்களும் பக்கத்தில் நடந்து போகும் குழந்தைகளும் அந்த நச்சுப் புகையைச் சுவாசிக்கும்படி விடுவதற்கு என் கையால் நான் உதவியதில்லை, யாரையும் அதற்குத் தூண்டவும் மாட்டேன். நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டர் தரும் தடை, அதை எடுப்பதால் வரும் இழப்போடு ஒப்பிடும்போது மிகச் சிறியது.

சைலன்சரைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். உள்ளே தடுப்புச் சுவர்களும் அறைகளும் கொண்டவை ஒரு வகை; புகையைத் திருப்பி விடுவதால் தடை சற்று அதிகம், ஆனால் நீண்டகாலம் ஒரே மாதிரி ஒலிக்கும். துளையிட்ட நேர்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்தவை இன்னொரு வகை. தடை குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு, ஆனால் நாளடைவில் அந்த இழை எரிந்தும் பறந்தும் போய்ச் சத்தம் கூடிக்கொண்டே போகும். இடைப்பட்டதாக, துளையிட்ட குழாய்கள் எஸ் வடிவில் மடிந்துபோகும் வகையும் உண்டு; குறைந்த செலவில் அன்றாடம் ஓட்டும் பிக்கப்புக்கு நான் பெரும்பாலும் அதையே சொல்வேன். உடல் பெரிதாக இருக்கும் சைலன்சரையே எடுங்கள். கனஅளவு குறைந்தால் சத்தத்தை அடக்கும் திறனும் குறையும். கேபினுக்குள் எழும் ரீங்காரம்தான் மலிவான மாற்றங்களில் ஆட்களை அதிகம் வருந்தவைப்பது. நான்கு ஸ்ட்ரோக் வி6 எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று துடிப்புகள், ஆகவே 2000 ஆர்பிஎம்மில் நொடிக்கு நூறு. நெடுஞ்சாலையில் நீங்கள் மணிக்கணக்காக ஓட்டும் வேகம் அதே இடத்தில்தான் இருக்கும், கேபினும் அந்த அதிர்வெண்ணில் எளிதாக அதிரும். அப்படி நேர்ந்தால் முழுச் சைலன்சரையும் மாற்ற வேண்டியதில்லை. குழாயின் பக்கத்தில், ஒரு முனை மூடிய ஒரு கிளைக்குழாயை வெல்டிங் செய்து, அலையின் நான்கில் ஒரு பங்கு நீளம் வைத்தால் அந்த ஒலி பெரிதும் அடங்கும். 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் புகையில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர், எனவே நூறு துடிப்புக்கு நீளம் சுமார் ஒன்றேகால் மீட்டர். உங்கள் குழாயின் உண்மையான சூடு மாறுபடும் என்பதால் மூடியை உடனே வெல்டிங் செய்துவிடாமல், முன்பின் நகர்த்தி ஓட்டிப் பார்த்து நிறுத்துங்கள்.

இழுவை எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். டர்போ இல்லாத, மற்றபடி மாறாத எஞ்சினில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் மட்டும் மாற்றினால், உயர்ந்த ஆர்பிஎம்மில் சில குதிரைத்திறன் கூடலாம். அன்றாட ஓட்டத்தில் அது தெரியாது. குழாயின் அழுத்த இழப்பு ஏறக்குறைய ஓட்ட அளவின் இருமடிப்படி மாறுவதே காரணம். முழு வேகத்தில் இருக்கும் தடை, பாதி ஓட்டத்தில் கால் பங்காகிவிடுகிறது. சுமை ஏற்றி 2000 ஆர்பிஎம்மில் போகும்போது குறைப்பதற்கு அங்கே தடையே பெரிதாக இல்லை. சத்தம் கூடியதும் வேகம் கூடியதாக உடம்பு உணரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து டெசிபெல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும், ஆனால் வண்டி அதே வேகத்தில்தான் போகும். கசிவையோ அடைப்பையோ நீக்கினால் இழந்த இழுவையும் மைலேஜும் திரும்பக் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்கிறேன். நல்ல நிலையில் உள்ள குழாயைப் பெரிதாக்கினால் மைலேஜ் கூடும் என்று சொல்ல மாட்டேன்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரண இரும்புக் குழாய் மலிவு, விரைவில் துருப்பிடிக்கும். அலுமினியம் பூசிய இரும்பு சற்றே கூடுதல் விலையில் நெடுநாள் தாங்கும். உங்கள் நிலைக்கு அதுவே பொருத்தம், ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துவிடுவதால் அங்கே சூடு தாங்கும் பெயின்ட் அடியுங்கள். 409 வகை ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியம் சுமார் 11 சதவீதம், மேலே பழுப்பேறினாலும் ஓட்டையாக வெகுகாலம் ஆகும். 304 வகை பளபளப்பாகவே இருக்கும், விலை கூடுதல். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் துத்தநாகம் பூசிய குழாயை யாராவது மலிவென்று தந்தால் மறுத்துவிடுங்கள். அதை வெல்டிங் செய்யும்போது எழும் புகை உடம்புக்குத் தீங்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய 0.9 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அது ஆவியாகி வெளியேறாமல் சைலன்சருக்குள் தங்கி, உள்ளிருந்தே அரிக்கிறது. பல சைலன்சர்களின் அடியில் இருக்கும் சிறு துளை அந்தத் தண்ணீர் வடிவதற்கானது. கசிவென்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள்.

செலவைக் குறைக்க இன்னும் ஒரு வழி, பலர் கவனிக்காதது. உங்கள் மாடல் வண்டியையே வைத்திருந்து, வேறு சத்தத்துக்காகப் புத்தம்புதிய கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டியவர்கள் இருப்பார்கள். அவர்கள் கழற்றிய குழாய்த்தொகுதி துளைகளும் தாங்கிகளும் அப்படியே பொருந்த, புதியதன் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கக்கூடும். வீல்பேஸும் கேபின் நீளமும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். ஒரே பெயரில் வரும் பிக்கப்பிலும் நடுக்குழாயின் நீளம் மாறும்.

பொருத்தும்போது, சூடேறினால் குழாய் நீளும் என்பதை மறக்காதீர்கள். மூன்று மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் 11 மில்லிமீட்டரும், 304 ஸ்டெயின்லெஸ் சுமார் 15 மில்லிமீட்டரும் நீளும். அதற்கு இடம் கொடுப்பவை ரப்பர் தாங்கிகள்தான். குழாயைச் சேசிஸோடு இறுக்கி வெல்டிங் செய்தால் ஏதோ ஒரு முனையில் வெடிக்கும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஸ்டெப்னி டயர் ஆகியவற்றிலிருந்து இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள். சுமை ஏற்றும்போது ஆக்சில் எவ்வளவு மேலே வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். குழாயைச் சுற்றிப் பட்டையாக இறுக்கும் கிளாம்ப், யு வடிவ போல்ட்டைப்போலக் குழாயை நசுக்காது. அடுத்த முறை கழற்றவும் எளிது. வண்டியிலேயே வெல்டிங் செய்வதென்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டிங் நடக்கும் குழாயிலேயே பக்கத்தில் மாட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்; ஸ்டாண்டு வைத்த பிறகே போங்கள்.

குழாய் நீளத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கேபினுக்கு அடியிலேயே புகையை விட்டுவிடும் வழக்கத்தை மட்டும் யாருக்காகவும் ஏற்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தரையின் சிறு ஓட்டைகள் வழியாக அது கேபினுக்குள் ஏறும்; பின்னால் மூடுகூண்டு போட்ட பிக்கப்பில், ஓடும்போது பின்பக்கம் உண்டாகும் தாழ்வழுத்தம் புகையை உள்ளே இழுக்கும். பின் டயருக்குப் பின்னால், பக்கவாட்டில், உடலின் விளிம்பைத் தாண்டி வெளியே விட்டால் போதும்; பின் பம்பர் வரை கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை, அதில் ஒரு வளைவும் மிச்சமாகும்.

இதே கேள்வியை டீசல் பிக்கப் வைத்திருப்பவர் படித்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டர்போவுக்குப் பின்னால் தடையைக் குறைப்பது அங்கே கூடுதல் பயன் தரும், ஆனால் கரியைப் பிடிக்கும் வடிகட்டியை எடுப்பது கன்வெர்ட்டரை எடுப்பதைப்போலவே தவறு. நான் மேலே தந்த அழுத்த எண்களும் டீசலுக்குப் பொருந்தாது.

வண்டியைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது முறையாகாது. இந்த வாரம் சோப்புத் தண்ணீர்ச் சோதனையையும் இரண்டு பக்க அழுத்த அளவையும் முடித்து, வந்த எண்களை எழுதுங்கள். அதைப் பார்த்து எந்தச் சைலன்சர், எந்த அளவுக் குழாய் என்று சொல்கிறேன். அதற்குள் வேறு யாரிடமாவது வேலையை முடித்துவிட்டால், முதல் இருநூறு கிலோமீட்டர் ஓடியதும், குழாய் நன்கு குளிர்ந்த பிறகு, எல்லாக் கிளாம்புகளையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள். சூடேறிக் குளிரும்போது அவை தளர்ந்திருக்கக்கூடும்.